160 ஏக்கர் காணியைச் சும்மா கொடுத்தார்களா? அமெரிக்கா மேற்கே விரிந்தது பற்றி ஒரு கேள்வி

உப்புவெளி வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக அமெரிக்க வரலாறு வாசிக்கிறேன். சுதந்திரப் போர் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தது, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கௌபோய் படங்களில் பார்த்ததுதான். இப்போது ஒரு இடத்தில் வந்து நிற்கிறேன், தாண்ட முடியவில்லை.

1862இல் ஆபிரகாம் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டம் என்று ஒன்றில் கையெழுத்து வைத்திருக்கிறார். 21 வயது நிரம்பியவர் போய்ப் பதிந்து, ஐந்து வருடம் அங்கேயே இருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தமாகும். 160 ஏக்கர்! இங்கே இலங்கையில் இரண்டு ஏக்கர் அரசாங்க வயலுக்கு பேர்மிட் எடுத்து, அதை உறுதியாக, அதாவது சொந்தக் காணிப் பத்திரமாக மாற்றுவதற்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. இவர்கள் எப்படி இவ்வளவு தாராளமாகக் கொடுத்தார்கள்? அவ்வளவு காணியும் அரசாங்கத்துக்கு எங்கே இருந்து வந்தது? நான் வாசித்த புத்தகம் ஆளில்லாத வெளி என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது, ஆனால் நாலு பக்கம் தள்ளி அதே வெளியில் சண்டை நடக்கிறது. ஆளில்லாத இடத்தில் யாரோடு சண்டை?

இன்னொன்று. 1803 வரை மிசிசிப்பி ஆற்றோடு நின்ற நாடு, 1890க்குள் பசிபிக் கரை வரை ஊரும் வேலியுமாக நிரம்பிவிட்டது. ஒரு மனிதனின் ஆயுள்காலம்தான். இதை முன்னால் தள்ளியது எது, சனமா, அரசாங்கமா, காசா? தெரிந்தவர்கள் எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் வாசிப்பேன்.


பழைய சேவயர்:

தம்பி, நான் நில அளவையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், எனக்குப் பழக்கமான பக்கத்தில் இருந்தே தொடங்குகிறேன். காணி கொடுக்க முதல் அதை அளக்க வேண்டும், அளக்க முதல் அது தன்னுடையது என்று காட்ட ஒரு கடதாசி வேண்டும். இந்த இரண்டு வேலையையும் அமெரிக்க அரசாங்கம் வெகு ஒழுங்காகச் செய்தது.

கடதாசியை முதலில் பார்ப்போம். 1803இல் ஜெபர்சன் ஜனாதிபதியாக இருந்தபோது நெப்போலியனிடம் இருந்து லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பை 1.5 கோடி டொலருக்கு வாங்கினார்கள். ஹெய்ட்டியில் அடிமைகள் எழும்பி பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த பிறகு நெப்போலியனுக்கு அமெரிக்கக் கண்டத்தில் ஆசை விட்டுப்போயிருந்தது, ஐரோப்பாவில் சண்டை பிடிக்கக் காசும் தேவைப்பட்டது. ஒரே கொடுக்கல் வாங்கலில் நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1845இல் டெக்சாஸ் சேர்ந்தது. 1846இல் பிரித்தானியாவோடு பேசி ஒரிகன் பக்கத்தை 49ஆவது அகலக்கோட்டில் பிரித்துக்கொண்டார்கள். அதே வருடம் மெக்சிகோவோடு போர், 1848இல் குவாடலூப் இதால்கோ உடன்படிக்கை, கலிபோர்னியாவும் தென்மேற்கும் கைமாறின. லூசியானாவைப் பாரிசில் இருந்து விற்றவர்கள் அந்த நிலத்தின் பெரும்பகுதியைக் கண்ணால் கண்டதே கிடையாது. அங்கே லகோட்டா, ஷெயென், பாவ்னி, கொமாஞ்சி, ஷொஷோனி என்று எத்தனையோ சமூகங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. அவர்களிடம் இருந்து நிலத்தை எடுப்பதற்கு இனிமேல் நாங்கள் போட்டிக்கு வரமாட்டோம் என்பதைத்தான் பிரான்ஸ் விற்றது என்று நான் சொல்வேன்.

இனி அளவை. 1785இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நாட்டை 6 மைலுக்கு 6 மைல் சதுரமாக வெட்டினால் அது ஒரு டவுன்ஷிப். அதை 36 துண்டாக்கினால் ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர், அதற்குப் பெயர் செக்ஷன். அதில் காற்பங்கு 160 ஏக்கர். நீங்கள் கேட்ட 160 இந்தக் கணக்கில் இருந்து வந்தது. அளந்தது கன்டர் சங்கிலியால்: 66 அடி, 100 கண்ணி, 80 சங்கிலி ஒரு மைல். வெள்ளைக்காரன் காலத்து எங்கள் பிளான்களும் இதே சங்கிலியால் அளந்தவைதான், அதனால் இந்த வேலை எனக்குக் கண்ணில் தெரிகிறது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். முன்னால் போகிறவர் சங்கிலி முடிகிற இடத்தில் கம்பியைக் குத்துவார், பின்னால் வருபவர் அதைப் பிடுங்கிக்கொண்டு வருவார், சரிவு வந்தால் சங்கிலியை மட்டமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு அரை மைலுக்கும் ஒரு கட்டை அல்லது கல், பக்கத்தில் மரம் நின்றால் அதில் வெட்டுக்குறி, மரமே இல்லாத புல்வெளியில் மண்ணைக் குவித்து ஒரு மேடு. போகிற போக்கில் மண் எப்படி, தண்ணீர் எங்கே, என்ன மரம் என்று கொப்பியில் எழுதிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கோடு மலை, ஆறு, பூர்வகுடிகளின் ஊர், வேட்டைப்பாதை எதற்கும் வளைந்து கொடுக்கவில்லை. கன்சாஸ், நெப்ராஸ்கா பக்கத்தை சட்டலைட் படத்தில் பாருங்கள், இன்றைக்கும் சதுரம் சதுரமாகத் தெரியும்.

இதில் ஒரு வசதி இருந்தது. எங்கள் பழைய உறுதிகளில் வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் பனங்காணி என்றுதான் எல்லை எழுதுவார்கள். அயலில் யார் இருக்கிறார் என்று தெரியாமல் அப்படி ஒரு உறுதி எழுத முடியாது. அங்கே டவுன்ஷிப் இலக்கமும் செக்ஷன் இலக்கமும் தென்கிழக்குக் காற்பங்கு என்ற சொல்லும் போதும். காணியைப் பார்க்காமலே விற்கலாம், பார்க்காமலே வாங்கலாம், நியூயோர்க்கில் இருந்துகொண்டு நூறு பேருக்குக் கைமாற்றலாம்.

சும்மாவா என்று கேட்டீர்கள். பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டொலர் அளவில்தான், அந்த வகையில் சும்மாதான். ஆனால் ஐந்து வருடம் பொறுக்க மனமில்லாதவர் ஆறு மாதம் இருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டொலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. மாட்டுப்பண்ணைக் கம்பனிகளும் மரக் கம்பனிகளும் காணி வியாபாரிகளும் கூலிக்கு ஆள் பிடித்துப் பதிய வைத்து அந்த வழியால் புகுந்துகொண்டார்கள். 1862 தொடக்கம் 1904 வரை அரசாங்கம் கைமாற்றிய சுமார் 50 கோடி ஏக்கரில் 8 கோடி ஏக்கர் அளவுதான் உண்மையில் குடியேறி உழுதவர்களுக்குப் போனது. மிச்சத்தின் பெரும் பங்கு கம்பனிகளுக்கும் வியாபாரிகளுக்கும்.


கிண்ணியான்:

ஐயா கம்பனிகள் என்று சொன்னதில் ரயில் கம்பனியை நான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் முன்னால் தள்ளியது எது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

ஹோம்ஸ்டெட் சட்டம் 1862 மே மாதம். அதே வருடம் ஜூலை 1ஆம் தேதி பசிபிக் ரயில்பாதைச் சட்டம். பாதை போடுகிற கம்பனிக்கு ஒவ்வொரு மைலுக்கும் பத்து செக்ஷன் காணி, 1864இல் அதையும் இருபதாக்கினார்கள். மைலுக்கு 12,800 ஏக்கர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் பாதையின் இரண்டு பக்கத்திலும் சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கட்டம் கம்பனிக்கு, அடுத்த கட்டம் அரசாங்கத்துக்கு. காணி போதாதென்று கடனும் கொடுத்தார்கள், சமவெளியில் மைலுக்கு 16,000 டொலர், மலையில் 48,000 டொலர். கம்பனிகள் தங்கள் கட்டங்களை விற்க ஐரோப்பாவில் ஏஜெண்ட் வைத்து, ஜெர்மன், சுவீடன் மொழிகளில் நோட்டீஸ் அடித்து ஆள் திரட்டின. ஆள் வந்தால் காணி விற்கும், விளைந்ததை ஏற்ற ரயிலும் ஓடும்.

கிழக்கே ஒமாஹாவில் இருந்து யூனியன் பசிபிக், மேற்கே சக்ரமெண்டோவில் இருந்து சென்ட்ரல் பசிபிக். மேற்குப் பக்கத்தில் சியரா நெவாடா மலையைக் கருங்கல்லாகக் குடைந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சீனத் தொழிலாளர்கள், பத்தாயிரத்துக்கும் மேல். வெள்ளைத் தொழிலாளியைவிடக் குறைந்த சம்பளம், சாப்பாடும் தங்கள் காசில். 1867 ஜூனில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பனி சாமான் வண்டிகளை நிறுத்திப் பட்டினி போட்டு ஒரு கிழமைக்குள் முறித்தது. 1869 மே 10ஆம் தேதி யூட்டாவில் புரொமொண்டரி என்ற இடத்தில் இரண்டு பாதையும் சந்தித்தன. மாதக்கணக்கில் போன பயணம் ஒரு கிழமைப் பயணமானது.

தம்பி கேட்ட 160 ஏக்கர் அந்தச் சீனர்களுக்குக் கிடைக்குமா என்றால் கிடைக்காது. அமெரிக்கப் பிரசை ஆக வேண்டும், அல்லது ஆகப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 1790ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையருக்கு மட்டும்தான் அந்த உரிமை, 1870இல் ஆப்பிரிக்கருக்கும் திறந்தார்கள், சீனருக்குத் திறக்கவில்லை. 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே தடை செய்தார்கள். இங்கே மலையகத்துச் சனத்தின் குடியுரிமைக்கு 1948இல் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இதை வாசித்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியாது. என்னால் முடியவில்லை.


மட்கோ பெடியன்:

எல்லாம் சரி, ஆனால் போனவர்களை எல்லாம் கொள்ளைக்காரர் மாதிரி எழுதுவது நியாயமாகப் படவில்லை. நோர்வேயில் கல்லு நிலத்தில் கிடந்து சாகிறவனுக்கு, அயர்லாந்தில் பஞ்சத்தில் தப்பினவனுக்கு, நிலம் தருகிறோம் வா என்றால் போகத்தானே செய்வான்? ஒரிகன் பாதையில் மிசூரியில் இருந்து ஏறக்குறைய 2,000 மைல், ஐந்தாறு மாதம். படத்தில் காட்டுகிற மாதிரி குதிரை வண்டியில் உட்கார்ந்து போகவில்லை, பெரும்பாலும் எருதுதான் இழுத்தது, வண்டிக்குள் மாவும் பன்றி இறைச்சியும் சாமானும், சனம் பக்கத்தில் நடந்தே போனது. பிந்தினால் மலையில் பனியில் மாட்ட வேண்டும். 1846இல் டொனர் குழு அப்படி மாட்டித்தான் பாதிக்குக் கிட்ட ஆட்கள் இறந்தார்கள். வழியில் பூர்வகுடிகள் கொன்றதைவிட கொலரா கொன்றது பல மடங்கு. அடிமைத்தனத்தில் இருந்து விடுபட்ட கறுப்பினக் குடும்பங்கள் கூட 1879இல் தெற்கில் அடி தாங்க முடியாமல் கன்சாசுக்குப் போனார்கள். தனியாக இருந்த பெண்களும் விதவைகளும் தங்கள் பெயரிலேயே காணி பதியலாம், அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விசயம்! இவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?


நிலாவெளி ரீச்சர்:

பெடியன் கேட்டது நல்ல கேள்வி. அந்த ஏழைகளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழை வண்டியோடு வந்து இறங்குவதற்கு முன்னமே நிலத்தைத் துப்புரவாக்கி வைத்தது யார் என்று பார்க்க வேண்டும். அது அரசாங்கம், சட்டமும் படையும் இரண்டும் கையில் வைத்துக்கொண்டு.

பூர்வகுடிகள் வேட்டையாடித் திரிந்தவர்கள், நிலத்தைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள், அதனால் விவசாயிக்கு இடம் விட வேண்டி வந்தது என்று ஒரு கதை நெடுகச் சொல்லப்படுகிறது. செரோக்கி மக்களை எடுத்துப் பார்ப்போம். ஜோர்ஜியா பக்கத்தில் வயலும் தோட்டமும் செய்து வாழ்ந்தவர்கள். செக்வோயா என்பவர் 1821 அளவில் அவர்களுடைய மொழிக்கு ஒரு எழுத்து முறையை உருவாக்கினார். 1827இல் தங்களுக்கென்று அரசியலமைப்பு எழுதினார்கள், 1828இல் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் பத்திரிகை நடத்தினார்கள். அந்தக் காலத்தில்தான் அங்கே தங்கமும் கண்டுபிடிக்கப்பட்டது. 1830இல் ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனாதிபதியாக இருக்கும்போது இந்தியரை அகற்றும் சட்டம் வந்தது. செரோக்கி மக்கள் ஆயுதம் தூக்கவில்லை, வழக்குக்குப் போனார்கள். 1832இல் உச்ச நீதிமன்றம் ஜோர்ஜியாவின் சட்டம் செரோக்கி நாட்டுக்குள் செல்லாது என்று தீர்ப்புக் கொடுத்தது. ஆனாலும் ஒன்றும் மாறவில்லை. 1835இல் ஒரு சிறு கூட்டத்தைப் பிடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள், 1838இல் படை வந்து வீடு வீடாக ஆட்களை இழுத்து முகாமில் அடைத்தது, பிறகு மிசிசிப்பிக்கு அப்பால் கொண்டு போனார்கள். ஏறக்குறைய 16,000 பேரில் சுமார் 4,000 பேர் முகாமிலும் வழியிலும் இறந்தார்கள் என்று கணக்கு. படித்தார்கள், உழுதார்கள், நீதிமன்றத்தில் வென்றும் காட்டினார்கள். இதற்கு மேல் ஒரு சனம் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு முறை இதைப் படிப்பிக்கும்போதும் எனக்குக் கோபம் வரும்.

அடுத்தது லகோட்டா. 1868இல் போர்ட் லாரமி உடன்படிக்கையில் பிளாக் ஹில்ஸ் மலைகள் அவர்களுக்கே என்று அமெரிக்க அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. 1874இல் கஸ்டர் தலைமையில் படை போய் அங்கே தங்கம் இருக்கிறது என்று அறிவித்தது. தங்கம் தேடி ஆட்கள் புகுந்தார்கள். தடுக்க வேண்டிய அரசாங்கம் மலையை விற்கச் சொல்லிக் கேட்டது, லகோட்டா மறுத்தார்கள், 1876இல் போர். ஜூன் 25ஆம் தேதி லிட்டில் பிக்ஹோர்னில் சிட்டிங் புல், கிரேசி ஹோர்ஸ் என்ற லகோட்டாத் தலைவர்களின் பக்கத்தவர்கள் கஸ்டரையும் அவரோடு நின்ற படையையும் அழித்தார்கள். படங்களில் இதைத்தான் காட்டுவார்கள். அடுத்த வருடம் ஒரு சட்டத்தால் மலையைப் பறித்ததைக் காட்ட மாட்டார்கள். 1980இல், நூறு வருடத்துக்குப் பிறகு, உச்ச நீதிமன்றமே அது நியாயமில்லாமல் எடுத்த காணி என்று சொல்லி, வட்டியோடு பத்துக் கோடி டொலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அவர்கள் இன்று வரை அந்தக் காசைத் தொடவில்லை. நூறு கோடியைத் தாண்டி வளர்ந்து கிடக்கிறது. மலை வேண்டும், காசு வேண்டாம் என்கிறார்கள்.

எருமையையும் விடக் கூடாது. கோடிக்கணக்கில் இருந்த பைசன் என்ற அந்தக் காட்டெருமை 1880களின் கடைசியில் சில நூறாகக் குறைந்தது. 1870களில் அதன் தோலைத் தொழிற்சாலைக்கு ஏற்ற மாதிரிப் பதனிடும் முறை வந்தது, ஏற்றிப்போக ரயிலும் வந்தது, தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலை வெயிலில் அழுக விட்டார்கள். சமவெளிச் சனத்துக்கு உணவு, கூடாரம், உடுப்பு எல்லாம் அந்த மிருகம்தான். அது போனதும் ரேஷனுக்காக முகாமுக்குப் போவதைவிட வேறு வழி இருக்கவில்லை. கலிபோர்னியாவில் 1848இல் தங்கம் கண்டுபிடித்தபோது சுமார் 1,50,000 பூர்வகுடிகள் இருந்தார்கள், 1870 அளவில் 30,000 பேர்தான் மிஞ்சினார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். நோயும் பட்டினியும் கொலையும் சேர்ந்து.

பிறகு 1887இல் டோஸ் சட்டம். அதுவரை பொதுவாக வைத்திருந்த காணியைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை வெள்ளையருக்குத் திறந்துவிட்டார்கள். அந்த வருடம் பூர்வகுடிகள் கையில் 13.8 கோடி ஏக்கர் இருந்தது, 1934இல் 4.8 கோடி. இதில் பெரும்பகுதி போனது பதிவும் முத்திரையும் உள்ள காகிதத்தால், துப்பாக்கி வெடிக்காமல். தம்பியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்த 160 ஏக்கருக்கு ஒருவர் விலை கொடுத்திருக்கிறார், வாங்கியவர் கொடுக்கவில்லை.


கிளிவெட்டி வயல்காரன்:

ரீச்சர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதுவது சின்ன விசயமாக இருக்கலாம், ஆனால் விவசாயி என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 160 ஏக்கர் என்ற அளவே பிழை.

ஒஹையோ, அயோவா பக்கம் மழை நல்லது, 160 ஏக்கரில் ஒரு குடும்பம் தாராளமாக வாழலாம். ஆனால் நெப்ராஸ்கா, கன்சாஸ், டகோட்டாவை ஊடறுத்துப் போகிற 100ஆவது நெடுங்கோட்டுக்கு மேற்கே வருடத்துக்கு 20 அங்குலத்துக்கும் குறைவான மழை. நாங்கள் மாரியில் அதைவிடப் பல மடங்கு மழை பெற்றும் குளமும் வாய்க்காலும் இல்லாமல் சமாளிக்க மாட்டோம், ஒரு மாரி பொய்த்தால் கடன்காரன் வாசலில் நிற்பான். அங்கே ஏர் போன இடத்துக்கு மழை பின்னால் வரும் என்று சொல்லியே காணி விற்றார்கள். நம்பி வந்த சனம் இருக்கிறதே, அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மரம் இல்லை, அதனால் புல்லோடு மண்ணைப் பாளம் பாளமாக உழுது வெட்டி, புல் பக்கத்தைக் கீழே வைத்து அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மூன்றடித் தடிப்பில் கூட இருக்கும், வெயிலுக்கும் குளிருக்கும் நல்லது. மழை பெய்தால் கூரை ஒழுகும், மழை விட்ட பிறகும் சேறு சொட்டிக்கொண்டே இருக்கும், சமைக்கும்போது சட்டிக்கு மேலே ஒருவர் குடை பிடித்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். விறகில்லாத இடத்தில் காய்ந்த சாணிதான் எரிப்பு. 1874இல் வெட்டுக்கிளி வந்து பயிர் மட்டுமில்லை, கொடியில் காய்ந்த உடுப்பு, வேர்வை ஊறிய மண்வெட்டிப் பிடி வரைக்கும் அரித்தது. பதிந்தவர்களில் பாதிக்குக் கிட்டவோ அதற்கு மேலோ உறுதி எடுக்காமலே விட்டுவிட்டுப் போனார்கள்.

இதை முதலே சொன்ன ஒரு மனிதர் இருந்தார், ஜோன் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர், 1869இல் கொலராடோ ஆற்றின் வழியே படகில் போனவர். 1878இல் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். வறண்ட மேற்கில் நிலத்தைச் சதுரமாக வெட்டாதீர்கள், தண்ணீர் எங்கே பாயுமோ அதைப் பார்த்துப் பிரியுங்கள், தண்ணீர் பாய்கிற இடத்தில் 80 ஏக்கர் போதும், மேய்ச்சல் நிலமென்றால் 2,560 ஏக்கர் வேண்டும் என்றார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற எங்கள் ஊர் வட்டவிதானை ஒருவரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். அமெரிக்கப் பாராளுமன்றம் கேட்கவில்லை.


ஊர்விட்ட திருமலையான்:

நான் வான்கூவரில் இருக்கிறேன். கனடாவும் 1872இல் இதே மாதிரிச் சட்டம் போட்டது, 160 ஏக்கர், பத்து டொலர் கட்டணம், சதுர அளவை எல்லாம் அப்படியே. அமெரிக்கன் 49ஆவது கோட்டைத் தாண்டி வந்துவிடுவான் என்ற பயமும் அதில் இருந்தது.

ஒரு கிளைக்கதை, ஊர்க்காரருக்குப் பிடிக்கும். இங்கே கரையோரத் தீவுகளுக்கு இடையில் ஒரு கடல் கால்வாய்க்குத் திருகோணமலை என்றுதான் பெயர், எழுத்து கொஞ்சம் மாறி. பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றுக்கு எங்கள் ஊர்ப் பெயர் வைத்திருந்தார்கள், 1850களில் அது பசிபிக்கில் ரோந்து போனது, அந்தக் கப்பலின் பெயரைத்தான் கால்வாய்க்கும் வைத்தார்கள். ஒரிகன் எல்லையைப் பிரித்துச் சில வருடமே ஆன காலம். அந்தக் கால்வாய்க் கரையில் அதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான வருடம் மீன் பிடித்த சாலிஷ் மக்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று வரைபடத்தில் இருக்காது.

இதை எல்லாம் வாசிக்கும்போது எங்கள் மாவட்டத்துக் குடியேற்றத் திட்டங்கள் நினைவுக்கு வராமல் இருக்குமா? யாராவது அதையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.


உப்புவெளி வாசகன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு கேள்வி மிச்சம். 1862 என்றால் வடக்கும் தெற்கும் உள்நாட்டுப் போரில் மூழ்கிக் கிடந்த நேரம். அந்த நேரத்தில் காணிச் சட்டம் எதற்கு? மற்றது, செரோக்கி மக்களைக் கொண்டுபோய் விட்டார்களே, அந்த இடமாவது அவர்களுக்கு மிஞ்சியதா?


பழைய சேவயர்:

போர் நடந்ததால்தான் அந்தச் சட்டம் வந்தது. சிறு விவசாயிக்கு இலவசக் காணி என்ற பேச்சு அதற்கு முன்னமே இருந்தது, தெற்கத்திய தோட்ட முதலாளிகள் தடுத்தார்கள். மேற்கு முழுவதும் சிறு விவசாயிகளால் நிரம்பினால் அங்கே உருவாகும் மாநிலங்கள் அடிமைத்தனத்தை ஏற்காது, செனட்டில் தங்கள் பலம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். 1854இல் கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்துக்குப் பிறகு கன்சாசில் இந்தப் பிரச்சினையில் இரத்தமே சிந்தியது. 1860இல் ஒரு காணி மசோதா நிறைவேறியும் ஜனாதிபதி புக்கானன் அதைத் தடுத்துவிட்டார். பிறகு தெற்கு பிரிந்து போனது, அதன் உறுப்பினர்களின் ஆசனங்கள் காலியாகின, 1862இல் இரண்டு சட்டமும் தடையில்லாமல் போயின. வடக்கின் அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதம் தூக்கியவருக்குக் காணி கிடையாது என்றும் அதில் எழுதி வைத்தார்கள்.

திருமலையான் கேட்ட ஒப்பீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. காணியை முதலில் அரசுக்கு என்று ஆக்கிக்கொண்டு பிறகு பகிர்ந்து கொடுப்பது இங்கேயும் அதே நூற்றாண்டில்தான் தொடங்கியது. 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரித்தைக் காட்ட முடியாத காட்டு நிலமும் தரிசும் முடிக்கு, அதாவது பிரித்தானிய அரசுக்குச் சொந்தம். காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்த சனத்திடம் உறுதி எங்கே இருக்கும்? 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், நாங்கள் கையில் வைத்திருக்கிற பேர்மிட்டும் அந்த அத்திவாரத்தில் எழும்பியவை. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அமெரிக்க அரசாங்கம் பூர்வகுடிகளோடு நாட்டுக்கு நாடு என்ற முறையில் 300க்கும் மேற்பட்ட உடன்படிக்கைகள் எழுதியது, 1871இல்தான் அதை நிறுத்தியது. மீறினாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது, அதை வைத்து இன்றும் வழக்காட முடிகிறது. எங்கள் குடியேற்றத் திட்டங்களின் கதை வேறு அடுக்குகள் கொண்டது, வந்தவரும் ஏழை, இருந்தவரும் ஏழை. அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

இரண்டாவது கேள்வி. செரோக்கி, கிரீக், சொக்டோ, சிக்கசோ, செமினோல் ஆகிய ஐந்து சமூகங்களையும் கொண்டுபோய் விட்டது இன்றைய ஒக்லஹோமாவில். நிரந்தரமாக உங்களுக்கே என்றார்கள். 1889 ஏப்ரல் 22ஆம் தேதி மதியம் 12 மணிக்கு, கிரீக், செமினோல் மக்களிடம் இருந்து வாங்கிய நடுப்பகுதி ஒன்றைத் திறந்துவிட்டார்கள். ஐம்பதினாயிரம் பேர் அளவில் எல்லைக்கோட்டில் நின்று, சைகை கேட்டதும் குதிரையிலும் வண்டியிலும் ரயிலிலும் பாய்ந்து போய்க் காணி பிடித்தார்கள். நேரத்துக்கு முன்னமே பற்றைக்குள் ஒளிந்திருந்து பிடித்தவர்களும் கனக்கப் பேர். அன்று இரவுக்குள் ஒக்லஹோமா சிற்றியில் ஆயிரக்கணக்கானோர் கூடாரம் அடித்துவிட்டார்கள். 1907இல் அது ஒரு மாநிலமாகியது, பூர்வகுடிகளின் நாடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் ஐந்துக்கு நாலு என்று தீர்ப்புச் சொன்னது: கிரீக் மக்களுக்கு உடன்படிக்கையில் கொடுத்த ஒதுக்கிடத்தைப் பாராளுமன்றம் எந்தச் சட்டத்தாலும் தெளிவாகக் கலைக்கவில்லை, ஆகவே குற்றவியல் அதிகாரத்தைப் பொறுத்தவரை அது இன்றைக்கும் பூர்வகுடிகளின் நிலம். துல்சா நகரத்தின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. வீட்டுக்காரரின் உறுதி மாறவில்லை, ஆனால் அங்கே பூர்வகுடி ஒருவர் மேல் பாரிய குற்ற வழக்குப் போடும் அதிகாரம் மாநிலத்திடம் இருந்து மத்திய அரசாங்கத்துக்குப் போய்விட்டது. செரோக்கி உட்பட மற்ற நான்கு சமூகங்களின் ஒதுக்கிடங்களுக்கும் அதே நியாயத்தை ஒக்லஹோமா நீதிமன்றம் பிறகு பொருத்தியது. தீர்ப்பு நீளமானது, ஆனால் எளிய ஆங்கிலம். முதல் இரண்டு பக்கத்தையாவது வாசித்துப் பாருங்கள் தம்பி.